எழுத்துகளுக்கு முகவரி தந்த மார்கரெட் டேஹாஃப்

மனித உடலில் சைட்டோகுரோம் சி என்றொரு சிறிய புரதம் இருக்கிறது. உணவிலிருந்து உயிரணு ஆற்றல் பெறும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. 104 அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை போன்றது அது. சிம்பன்சியின் உடலிலும் அதே புரதம் இருக்கிறது. அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து என்று இரண்டையும் எழுதி ஒப்பிட்டால், 104 இடங்களிலும் ஒரு வேறுபாடுகூட இல்லை.

அந்த 104 எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் எழுதி உங்களிடம் கொடுத்தால், அது மனிதனுடையதா, சிம்பன்சியினுடையதா என்று எப்படிச் சொல்வீர்கள்? சொல்லவே முடியாது. தாளின் தலைப்பில் ஒரு குறிப்பு வேண்டும். இது எந்தப் புரதம்? எந்த உயிரியிலிருந்து எடுக்கப்பட்டது? யார் கண்டறிந்தார்கள்? எந்த இடத்தில் ஐயம் இருக்கிறது? இந்த விவரங்கள் இல்லாவிட்டால் அந்த எழுத்துகள் முகவரி எழுதாத கடிதம் போலத்தான்.

அந்த முகவரியை எழுதும் வேலைக்கே தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தவர் அமெரிக்க அறிவியலாளர் மார்கரெட் டேஹாஃப். உயிரித் தகவலியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் படிக்கும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர். அவர் அந்தப் பணியைத் தொடங்கியபோது அந்தத் துறைக்குப் பெயர்கூட இல்லை.

கணிதத்தில் தொடங்கிய பயணம்

மார்கரெட் பெல் ஓக்லி 1925 மார்ச் 11ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை சிறு வணிகர். தாயார் உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியை. மார்கரெட்டுக்குப் பத்து வயதானபோது குடும்பம் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பை முதல் மாணவியாக முடித்தவருக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிக்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1945இல் கணிதத்தில் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார்.

அடுத்து அவர் சென்றது கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு. மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட வேண்டும். கையால் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும் கணக்குகள் அவை. மார்கரெட் வேறு வழி தேடினார்.

அந்தக் காலத்தில் வணிக நிறுவனங்கள் கணக்கு வழக்குகளுக்குத் துளையட்டை இயந்திரங்களைப் பயன்படுத்தின. தடித்த தாள் அட்டையில் குறிப்பிட்ட இடங்களில் துளையிட்டு, எண்களையும் எழுத்துகளையும் பதிவு செய்வார்கள். இயந்திரம் அந்தத் துளைகளைப் படித்துக் கூட்டும், கழிக்கும், வகைப்படுத்தும். சம்பளப் பட்டியல் போடும் அந்த இயந்திரத்தை மூலக்கூறுகளைக் கணக்கிட வைத்தார் மார்கரெட். 1948இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 23. அதே ஆண்டில் இயற்பியலாளர் எட்வர்ட் டேஹாஃபை மணந்தார்.

அடுத்த சில ஆண்டுகள் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் மின்வேதியியல் ஆய்வு செய்தார். பிறகு குடும்பம் மேரிலாண்ட் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. இரண்டு மகள்கள் பிறந்தார்கள். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் ஆய்வுப் பணியிலிருந்து விலகியிருந்தார். 1950களின் பிற்பாதியில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஆய்வுக்குத் திரும்பினார்.

கோலாலம்பூர் புதிர்

1960இல் அவர் வாழ்க்கையில் பெரிய திருப்பம் வந்தது. ராபர்ட் லெட்லி என்பவர் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை என்ற அமைப்பைத் தொடங்கினார். பல் மருத்துவமும் இயற்பியலும் படித்தவர் அவர். மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் கணினி பெரிதும் உதவும் என்று நம்பியவர். பிற்காலத்தில் முழு உடலையும் படம் பிடிக்கும் சிடி ஸ்கேன் இயந்திரத்தை உருவாக்கியவரும் இவர்தான். டேஹாஃப் அந்த அறக்கட்டளையின் துணை இயக்குநராகச் சேர்ந்தார்.

அப்போது உயிர்வேதியியலில் ஒரு புதிய கதவு திறந்திருந்தது. இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களின் வரிசை முழுவதையும் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் சாங்கர் 1955க்குள் கண்டறிந்திருந்தார். அதற்காக 1958இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் ஒரு புரதத்தின் வரிசையைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. காரணம், நீளமான புரதத்தை அப்படியே படிக்க முடியாது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் படித்து, பிறகு எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். கோலாலம்பூர் என்ற சொல் உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிய தாளை ஒருவர் வெட்டி, "கோலா", "லம்பூர்" என்ற இரண்டு துண்டுகளைக் கொடுக்கிறார். எது முதலில் வரும்? தெரியாது. அதே சொல் எழுதிய இன்னொரு தாளை வேறு இடங்களில் வெட்டி, "கோ", "லாலம்", "பூர்" என்ற துண்டுகளைக் கொடுக்கிறார். இப்போது "லாலம்" என்ற துண்டைப் பாருங்கள். லா என்ற எழுத்துக்குப் பின் லம் வருகிறது. ஆகவே "கோலா" முதலில், "லம்பூர்" அடுத்தது. புதிர் அவிழ்ந்தது.

புரதத்திலும் இப்படித்தான். வெவ்வேறு நொதிகள் வெவ்வேறு இடங்களில் வெட்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளை வைத்து வரிசையைச் சேர்க்க வேண்டும். துண்டுகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் மனித மூளை திணறும். கணினி திணறாது. டேஹாஃபும் லெட்லியும் இதற்காக ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு நிரலை எழுதி 1962இல் வெளியிட்டார்கள். ஐபிஎம் 7090 கணினியில் ஓடிய அந்த நிரலின் பெயர் காம்புரோட்டீன். பிற்காலத்தில் மரபணுத் துண்டுகளை ஒட்டிச் சேர்க்க வந்த நிரல்களுக்கெல்லாம் அது முன்னோடி.

மூன்று எழுத்துக்குப் பதில் ஓர் எழுத்து

அக்காலத்தில் அமினோ அமிலங்களை மூன்று எழுத்துச் சுருக்கங்களால் குறிப்பார்கள். மனிதர் படிக்க அது வசதி. ஆனால் ஒரு துளையட்டையில் இருந்தவை 80 பத்திகள் மட்டுமே. பத்திக்கு ஓர் எழுத்து. இன்சுலினின் 51 அமினோ அமிலங்களை மூன்று மூன்று எழுத்தாக எழுதினால் 153 பத்திகள் தேவை. அதாவது இரண்டு அட்டை. ஓர் எழுத்து முறையில் எழுதினால் ஒரே அட்டையில் அடங்கி, இடமும் மிஞ்சும். கணினியின் நினைவகம் மிகக் குறைவாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

டேஹாஃப் 20 அமினோ அமிலங்களுக்கும் ஒவ்வோர் ஆங்கில எழுத்தைக் கொடுக்கும் முறையை வகுத்தார். கிளைசினுக்கு ஜி, அலனினுக்கு ஏ என்று முதலெழுத்தையே கொடுத்தது எளிது. ஒரே எழுத்தில் பல பெயர்கள் தொடங்கினால் என்ன செய்வது? ஃபினைலலனின் என்ற பெயர் ஒலிப்பதற்கு ஏற்ப எஃப் கொடுத்தார். ஆர்ஜினினுக்கு அதன் பெயரில் அழுத்தமாக ஒலிக்கும் ஆர். லைசினுக்கு எல் கிடைக்கவில்லை. அது லியூசினுக்குப் போய்விட்டதால், அகரவரிசையில் அதற்கு முன்னால் நிற்கும் கே கிடைத்தது. இந்த முறை 1968இல் அனைத்துலக அளவில் ஏற்கப்பட்டது. இன்று நீங்கள் எந்தப் புரத வரிசையை இணையத்தில் பார்த்தாலும், அவர் வகுத்த எழுத்துகளைத்தான் பார்க்கிறீர்கள்.

அந்தக் குறியீட்டில் மிகவும் கவனிக்க வேண்டியவை அந்த 20 எழுத்துகளில் சேராத சில எழுத்துகள். புரதத்தை அமிலத்தில் சிதைக்கும்போது அஸ்பாரஜின் என்பது அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறிவிடும். அப்படி மாறிய பிறகு முதலில் இருந்தது எது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஊகித்து ஒன்றை எழுதாமல், இரண்டில் ஒன்று என்ற பொருளில் பி என்று எழுதலாம். குளுட்டமின், குளுட்டமிக் அமிலம் என்ற இரட்டையருக்கு இசட். எதுவுமே தெரியாவிட்டால் எக்ஸ். தெரியாததைத் தெரியாது என்று பதிவு செய்ய ஓர் எழுத்து இருந்ததால், அடுத்தவர் அந்த இடத்தை மீண்டும் ஆராய முடிந்தது.

65 புரதங்களின் அட்லஸ்

1965இல் டேஹாஃபும் அவருடைய குழுவினரும் புரத வரிசை, அமைப்பு ஆகியவற்றின் அட்லஸ் என்ற நூலை வெளியிட்டார்கள். அதில் இருந்தவை 65 புரதங்களின் வரிசைகள். அதுவரை உலகில் வெளியான வரிசைகள் வெவ்வேறு ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, ஒரே முறையில் எழுதி, சரிபார்த்து, அட்டையில் துளையிட்டு, கணினியில் ஏற்றினார்கள்.

ஒவ்வொரு பதிவிலும் வரிசையுடன் புரதத்தின் பெயர், அது வந்த உயிரி, கண்டறிந்தவர்களின் ஆய்வுக் கட்டுரை ஆகியவை இருந்தன. ஒரு துண்டில் எந்தெந்த அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று தெரிந்து, அவற்றின் முறை மட்டும் தெரியாவிட்டால், அவற்றை அடைப்புக்குறிக்குள் வைத்து இடையில் காற்புள்ளி போட்டார்கள். வரிசைக்குள்ளேயே நிறுத்தக் குறிகளால் நம்பகத்தன்மையைச் சொல்லும் ஏற்பாடு அது. இன்று இதையெல்லாம் மெட்டாடேட்டா, அதாவது தரவு பற்றிய தரவு என்கிறோம்.

நூல் அடுத்தடுத்த பதிப்புகளாக வளர்ந்தது. 1978 வரை பதிப்புகளும் துணைத் தொகுதிகளும் வந்தன. 1970களில் காந்த நாடாவிலும் கிடைத்தது. 1980இல் தொலைபேசி இணைப்பு வழியாக வேறிடத்துக் கணினிகளிலிருந்து அவர்களுடைய தரவுத்தளத்தைத் தேடிப் பார்க்கும் வசதியும் வந்தது. வீட்டுக்கு வீடு இணையம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

தொகுப்பதும் அறிவியல்தானா?

ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்பவரே அறிவியலாளர், மற்றவர் கண்டுபிடித்ததைத் திரட்டி அடுக்குபவர் எழுத்தர் போன்றவர் என்ற எண்ணம் அக்காலத்தில் பலரிடம் இருந்தது. டேஹாஃபின் விடை அவருடைய கண்டுபிடிப்புகளில் இருந்தது.

1966இல் அவரும் ரிச்சர்ட் எக் என்பவரும் ஃபெரிடாக்சின் என்ற புரதத்தின் வரிசையை ஆராய்ந்தார்கள். அதன் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. மிகப் பழங்காலத்தில் ஒரு குட்டிப் புரதம் இரட்டித்து இந்தப் புரதம் உருவாகியிருக்க வேண்டும் என்று விளக்கினார்கள். அதே காலக்கட்டத்தில், புரத வரிசைகளைக் கொண்டு உயிரினங்களின் உறவு மரத்தைக் கணினி வழியாக வரைந்து காட்டினார்கள். சைட்டோகுரோம் சி புரதத்தில் மனிதனுக்கும் ரீசஸ் குரங்குக்கும் ஓர் இடத்தில் வேறுபாடு. மனிதனுக்கும் குதிரைக்கும் 12 இடங்களில். வேறுபாடு கூடக் கூட, பொது மூதாதையர் வாழ்ந்த காலம் பின்னோக்கிப் போகிறது. உயிரியின் பெயர் ஒவ்வொரு வரிசையோடும் சரியாகப் பதிவாகியிருந்ததால்தான் அந்த மரத்தை வரைய முடிந்தது.

1978இல் வந்த ஆய்வு இன்னும் பெரியது. நெருங்கிய உறவுள்ள புரதங்களின் 71 குழுக்களை எடுத்து, அவற்றில் நடந்திருந்த 1,572 மாற்றங்களை எண்ணினார்கள். எந்த அமினோ அமிலம் எதுவாக மாற எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் அட்டவணை போட்டார்கள். அஸ்பார்ட்டிக் அமிலம் குளுட்டமிக் அமிலமாக மாறுவது சாதாரணம். டிரிப்டோபேன் மாறுவதோ அரிது. பாம் என்ற பெயர் கொண்ட அந்த அட்டவணைகள், இரண்டு புரதங்கள் உறவினர்களா இல்லையா என்பதை அளக்கும் அளவுகோல் ஆயின. பல ஆண்டுகள் பொறுமையாகத் திரட்டிய பதிவுகள் இல்லாவிட்டால் அந்த அளவுகோலும் இல்லை.

யாருக்குச் சொந்தம்?

இவ்வளவு செய்தும் டேஹாஃபுக்குப் பணத் தட்டுப்பாடு தீரவில்லை. ஒரு தரவுத்தளத்தை ஒருமுறை கட்டினால் போதாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், பிழை திருத்த வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆய்வு மானியங்களோ புதுக் கண்டுபிடிப்புகளையே தேடிப் போயின. அட்லஸை விற்று வந்த பணத்தையும் செலவுக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் தரவை விருப்பம்போல் பிறருக்குப் பகிர முடியாதபடி கட்டுப்பாடுகளும் இருந்தன.

இது சில ஆய்வாளர்களுக்குப் பிடிக்கவில்லை. தாங்கள் உழைத்துக் கண்டறிந்த வரிசைகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, திரும்ப விலை கொடுத்து வாங்குவதா என்று கேட்டார்கள். டேஹாஃப் பக்கத்திலும் நியாயம் இருந்தது. திரட்டுவதும் திருத்துவதும் உழைப்புதான், அதற்குச் செலவு ஆகிறது, அந்தச் செலவை முழுமையாக ஏற்க யாரும் முன்வரவில்லை.

1970களின் இறுதியில் டிஎன்ஏ வரிசைகள் வெள்ளம்போல் வரத் தொடங்கின. அவற்றுக்கு ஒரு தேசியத் தரவுத்தளம் அமைக்க அமெரிக்காவின் தேசியச் சுகாதாரக் கழகங்கள் முடிவு செய்தன. டேஹாஃபின் அறக்கட்டளையும் போட்டியிட்டது. எதிரில் நின்றது லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில் வால்டர் கோட் என்பவர் நடத்திய குழு. தரவுக்குச் சொந்தம் கொண்டாட மாட்டோம், எல்லாருக்கும் திறந்து வைப்போம் என்பது அவர்களுடைய நிலை. 1982இல் ஒப்பந்தம் அவர்கள் பக்கம் போனது. ஜென்பேங்க் என்ற அந்தத் தரவுத்தளம் இன்றும் இயங்குகிறது.

இந்தத் துறையை ஏறக்குறைய வெறுங்கையோடு கட்டி எழுப்பியவருக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் அவர் பணியை நிறுத்தவில்லை. புரதத் தரவுத்தளத்துக்கு நிலையான நிதி தேடும் முயற்சியில் இருந்தபோது, 1983 பிப்ரவரி 5ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 57. மறு ஆண்டு, அவருடைய அட்லஸை அடித்தளமாகக் கொண்டு புரதத் தகவல் வள மையம் நிறுவப்பட்டது. அவர் தேடிய நிலையான இல்லம், அவர் மறைந்த பிறகே அவர் திரட்டிய தரவுக்குக் கிடைத்தது.

அமெரிக்க உயிர் இயற்பியல் சங்கத்தின் செயலாளராகவும் தலைவராகவும் பொறுப்பு வகித்தவர் டேஹாஃப். அந்தச் சங்கம் அவர் பெயரில் இளம் பெண் அறிவியலாளர்களுக்கு ஒரு விருதை வழங்கி வருகிறது.

இன்று உங்கள் கணினியில்

உயிரியலும் நிரலாக்கமும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் பைத்தான் மொழியில் பயோபைத்தான் என்ற இலவச நிரல் தொகுப்பைப் பயன்படுத்துவார்கள். அதில் வரிசையின் எழுத்துகளை மட்டும் வைக்க ஒரு பொருள் உண்டு. அந்த வரிசையோடு அடையாள எண், பெயர், விளக்கம், உயிரி, மூலக் கட்டுரை, குறிப்பிட்ட பகுதிகளின் பணி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வைக்க இன்னொரு பொருள் உண்டு. அதன் பெயர் சீக்ரெக்கார்டு. டேஹாஃப் அட்லஸின் ஒரு பக்கத்தில் செய்ததை, இன்று ஒரு பைத்தான் மாறியில் செய்கிறோம்.

எழுத்துக்கு எழுத்து குறிப்பு வைக்கவும் அதில் இடம் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு நம்பகமானது என்ற மதிப்பெண்ணை அங்கே வைக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பின் நீளம் வரிசையின் நீளத்துக்குச் சமமாக இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரல் ஏற்காது. அடையாளம் கொடுக்காமல் வரிசையை மட்டும் போட்டால், அடையாளம் தெரியாது என்று நிரலே எழுதிக்கொள்ளும். எல்லா விவரமும் நிரப்பிய பதிவை ஃபாஸ்டா என்ற எளிய கோப்பு வடிவத்தில் சேமித்தால், ஒரு தலைப்பு வரியும் எழுத்துகளும்தான் மிஞ்சும். மற்றவை கோப்பில் இருக்காது. ஜென்பேங்க் வடிவத்தில் சேமித்தால் பகுதிகளைப் பற்றிய குறிப்புகளும் கூடவே வரும். எந்த வடிவில் சேமிக்கிறோம் என்பது, எதை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்ற முடிவும்கூட.

டேஹாஃபின் அறக்கட்டளை பயன்படுத்திய கோப்பு வடிவத்தையும் பயோபைத்தான் இன்றும் படிக்கும். முதல் வரியில் பதிவின் குறியீடு, இரண்டாம் வரியில் புரதத்தின் விவரம், பிறகு வரிசை, முடிவில் ஒரு நட்சத்திரக் குறி.

1982இல் எழுந்த வழக்குக்கு ஒரு முடிவும் வந்தது. அமெரிக்காவின் புரதத் தகவல் வள மையமும் ஐரோப்பாவின் இரண்டு நிறுவனங்களும் 2002இல் கைகோத்து யூனிபுரோட் என்ற கூட்டுத் தரவுத்தளத்தை உருவாக்கின. அதில் கோடிக்கணக்கான புரத வரிசைகள் இருக்கின்றன. எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். லாஸ் அலமோஸ் குழு கேட்ட திறந்த கதவு அங்கே இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் நிபுணர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, பதிவு பதிவாகச் சரிபார்த்துக் குறிப்பு எழுதுகிறார்கள். அது டேஹாஃபின் வேலைமுறை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பொது நிதி இருக்கிறது. டேஹாஃபுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

அடுத்த முறை பள்ளி ஆய்வுத் திட்டத்துக்கோ பல்கலைக்கழகப் பயிற்சிக்கோ ஒரு புரத வரிசையைப் பதிவிறக்கும்போது, எழுத்துகளுக்கு மேலே உள்ள வரிகளையும் படித்துப் பாருங்கள். உங்கள் சொந்தக் கோப்பைச் சேமிக்கும்போது, அந்த வரிகளைக் காலியாக விடாதீர்கள். அந்த 104 எழுத்துகள் மனிதனுடையவையா, சிம்பன்சியினுடையவையா என்பதை அந்த வரிகள்தான் சொல்லும்.